செங்கமாரி வந்த படங்கள்

"தம்பி, படமெல்லாம் வடிவாத்தான் இரிக்கு. ஆனா என்ட புள்ள செங்கமாரி வந்தவள் மாதிரி இரிக்காளே!"

மட்டக்களப்பு ஆரையம்பதியிலிருந்து ஓர் அம்மா பேசினார். மகளின் சாமத்திய வீட்டுப் படங்களில் மாதிரிக்கு இருபதை வட்ஸ்அப்பில் அனுப்பி அரை மணித்தியாலம்கூட ஆகியிருக்காது. எனக்குச் சுருக்கென்றது. திரையில் மறுபடி திறந்து பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. பிள்ளையின் முகம், கண்ணின் வெள்ளை, பக்கத்தில் நின்ற மாமன்காரனின் வேட்டி, பின்சுவர், எல்லாமே மஞ்சள் பூத்துக் கிடந்தன. இரண்டு நாளாக அந்தப் படங்களோடேயே குந்தியிருந்ததில் என் கண்ணுக்கு அது பழகிப்போயிருந்தது.

வினை பந்தலால் வந்தது. முற்றம் முழுக்க மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள். பகல் 11 மணி வெயில் அந்தத் துணிக்குள்ளால் வடிந்துதான் எல்லார் மேலும் விழுந்தது. அங்கே நின்ற யாருக்கும் அது உறைக்கவில்லை, கமராவைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்கும்தான். வேட்டி என்றால் வெள்ளை என்று நம் மூளைக்குத் தெரியும். கண்ணுக்குள் வரும் மஞ்சளை அது தானே கழித்துவிடும். கமராவுக்கு வேட்டியும் தெரியாது, மாமனும் தெரியாது. விழுந்த வெளிச்சத்தை அளந்து எழுதிவைக்கும், அவ்வளவுதான்.

சரி, திருத்திவிடலாம் என்று 'ஓட்டோ கலர்' பொத்தானை அழுத்தினேன். மஞ்சள் போனது. அதோடு பிள்ளை கையில் வைத்திருந்த மஞ்சள் குலையும், பொற்சரிகையும், வாழைப்பழமும் சாம்பல் பூசிக்கொண்டன. வேட்டி நீலம் அடித்தது. செங்கமாரிக்குப் பதில் இப்போது பிள்ளைக்குக் குளிர்காய்ச்சல்.

இப்படியான 'ஓட்டோ' வழிகள் பலவற்றுக்கும் அடியில் இரண்டு ஊகங்களில் ஒன்று இருக்கும். ஒன்று, ஒரு படத்திலுள்ள எல்லா நிறத்தையும் போட்டுக் கலக்கினால் சாம்பல் வரவேண்டும் என்பது. மற்றது, படத்தின் ஆகப் பெரிய வெளிச்சம் வெள்ளையாகத்தான் இருக்கும் என்பது. ஒரு தார் றோட்டுச் சந்தியைப் படமெடுத்தால் முதல் ஊகம் ஏறத்தாழச் சரிவரும். சாமத்திய வீட்டில் எப்படிச் சரிவரும்? மஞ்சளும் குங்குமமும் பட்டும் பழமும் நிறைந்த இடத்தில், கலக்கினால் சாம்பல் வரக்கூடாது. வந்தால்தான் பிழை.

ஆகவே இப்போதெல்லாம் ஒரு படத்தைத் திறந்ததும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இந்தப் படத்துக்குள் எந்தப் பொருளின் நிறம் எனக்கு நிச்சயமாகத் தெரியும்?

வேட்டி என்று சொல்லத் தோன்றும். எனக்கும் முன்பு வேறொரு விசேட வீட்டுப் படத்தில் தோன்றியது. படத்தின் வெளிச்சப் படிகளைத் திருத்தும் லெவல்ஸ் கருவியில் நடுச்சாம்பலுக்கான சொட்டுக்குழாயை எடுத்து வேட்டியின் மடிப்பு நிழலில் ஒரு சொட்டு வைத்தேன். படம் சூடாகி, முகங்கள் தோடம்பழமாகின. காரணம் புரியக் கொஞ்ச நாள் எடுத்தது. நம் வீடுகளில் வேட்டிக்கு நீலம் போடுவார்கள். போடாவிட்டாலும் இப்போதைய சவர்க்காரத் தூளில் வெளுப்பாக்கிகள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத ஊதாக்கடந்த கதிரை வாங்கி நீல வெளிச்சமாகத் திருப்பித் தரும் சரக்கு அது. ஆகவே விசேட வீட்டு வேட்டி வெள்ளையில்லை, வெள்ளையைத் தாண்டிய நீலம். அந்த நீலத்தை 'இதுதான் நடுநிலை' என்று கணினிக்குச் சொன்னால், அது படம் முழுவதிலிருந்தும் நீலத்தைக் கழிக்கும். மிஞ்சுவது மஞ்சள்.

திருநீறும் சரிவராது. நெற்றியில் மெல்லிய பூச்சாகக் கிடப்பதால் அடியிலுள்ள தோலின் நிறம் அதற்குள்ளால் தெரியும். பல், கண்ணின் வெள்ளை இரண்டும் வேண்டாம். பல்லில் மஞ்சள் இருக்கும், கண்ணில் சிவப்பு ஓடும். நிறைகுடம், குத்துவிளக்கு மாதிரிப் பளபளப்பான எதுவும் பக்கத்தில் நிற்பதன் நிறத்தைத்தான் காட்டும். சோறும் எங்கள் பக்கத்தில் சிவந்த நாட்டரிசிச் சோறு. நம்பக்கூடியது பூச்சுப் பூசாத சீமெந்துத் தரை. தார் றோட்டும் பரவாயில்லை. ஆரையம்பதிப் படங்களில் கடைசியில் கைகொடுத்தது வீட்டுப் படிக்கட்டின் சீமெந்து விளிம்புதான். அதே பந்தல் வெளிச்சம் அதன் மேலும் விழுந்திருந்தது. அங்கே ஒரு சொட்டு வைத்ததும் பிள்ளைக்கு ரத்தம் ஊறியது. அப்புறம் மஞ்சளைக் கொஞ்சம் திருப்பிக் கூட்டினேன். முழுக்கக் கழுவிவிட்டால் அது மஞ்சள் பந்தலுக்குக் கீழ் நடந்த சடங்காகவே தெரியாது.

(பையில் ஒரு சாம்பல் அட்டையைக் கொண்டுபோய் முதல் படத்தில் யாரையாவது பிடிக்கச் சொன்னால் இவ்வளவு பாடும் இல்லை. கொண்டுபோகிறேன். சனக்கூட்டத்தில் மறந்துபோகிறேன்.)

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் கணக்கில் சொல்வார்கள். மெழுகுதிரி ஏறத்தாழ 1900, பழைய குண்டு மின்குமிழ் 2700 சொச்சம், நடுப்பகல் வெயில் 5500, நிழல் 7000க்கு மேல். எண் கூடக்கூட வெளிச்சம் நீலமாகும். ஆனால் மென்பொருளில் கெல்வினுக்கு இருக்கும் நகர்த்துகோலை 7000க்குத் தள்ளினால் படம் மஞ்சளாகும்! முதலில் எனக்குத் தலை சுற்றியது. நீங்கள் அங்கே சொல்வது 'படத்தை இப்படி ஆக்கு' என்று இல்லை; 'எடுத்தபோது வெளிச்சம் இப்படி இருந்தது, ஈடுகட்டு' என்று. இதற்குக் குறுக்கே இன்னொரு கோல் உண்டு, பச்சைக்கும் ஊதாச்சிவப்புக்கும் நடுவில். ரியூப்லைட்டும் மாமர நிழலும் முகத்தில் பச்சை ஏற்றும். படுவான்கரையில் வயல் வரம்பில் நிறுத்தி எடுத்தால் நாடிக்குக் கீழே பச்சை தெறிக்கும். கெல்வின் கோலை மட்டும் எவ்வளவு தள்ளினாலும் அது போகாது.

தோலைப் பற்றி ஒரு பழைய கணக்கு எனக்கு இருக்கிறது.

நாலு வருடம் டவுனில் ஒரு ஸ்டூடியோவில் எடிட்டிங் செய்தேன். முதலாளிக்கு ஒரே ஒரு விதி: "முகத்தை ரெண்டு படி வெளுக்க வை தம்பி. ஆக்கள் அதுக்குத்தான் காசு தருகினம்." நானும் வைத்தேன். முகத்தை மட்டும் வெட்டி எடுத்து வெளுக்கவைத்து, கழுத்தோரம் மங்கலாக்கி ஒட்டுவது. கையில் மருதாணி போட்ட இடத்தில் நிஜ நிறம் நிற்கும், முகம் மாவு பூசி நிற்கும். ஒரு கல்யாண அல்பம் கொடுத்தபோது பொம்பிளையின் பெத்தாவும் வந்திருந்தார். முதல் பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இந்தப் புள்ள ஆருகா?"

எல்லாரும் சிரித்தார்கள். பொம்பிளை சிரிக்கவில்லை.

இந்த வெளுப்பு ஆசைக்குத் தொழில்நுட்பமும் ஒத்து ஊதியிருக்கிறது. கலர் படச்சுருள் காலத்தில், அச்சடிக்கும் இயந்திரத்தின் நிறத்தைச் சரிபார்க்கக் கொடாக் நிறுவனம் லாப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பார். 'ஷேர்லி அட்டை' என்று பெயர். 1950களிலிருந்து பல பதிற்றாண்டுகளுக்கு அவருடைய தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரி என்று வைத்துக்கொண்டார்கள். கறுப்பு, மாநிற முகங்கள் சேறாக வந்தது பற்றி அவ்வளவாகக் கவலை இல்லை. படச்சுருளின் கபில நிறத்தைத் திருத்தும்படி சொக்லேட், மரத் தளபாடக் கம்பனிகள் முறையிட்டதும் அந்தத் திருத்தத்துக்கு ஒரு தூண்டுதல் என்று இந்த வரலாற்றை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். மேசைக்குக் கிடைத்த மரியாதை!

கமராவின் வெளிச்சமானியும் லேசுப்பட்டதில்லை. எதிரில் இருப்பது சராசரியாக நடுச்சாம்பல், அதாவது விழும் வெளிச்சத்தில் ஏறத்தாழ 12 முதல் 18 வீதம் திருப்பித் தரும் பொருள் என்ற நினைப்பில்தான் அது அளக்கும். கல்லடிக் கடற்கரையில் வெள்ளை மணலும் வெளிறிய வானமும் பின்னால் நிற்க ஒரு மாநிறப் பிள்ளையை நிறுத்துங்கள். 'ஐயோ, வெளிச்சம் கூடிப்போச்சு' என்று கமரா எல்லாவற்றையும் இருட்டாக்கும். மணல் சாம்பலாகும், முகம் கரியாகும். கறுப்பு என்றால் படத்தில் எடுபடாது என்ற பேச்சு இப்படித்தான் வந்திருக்கவேண்டும். ஒன்று, ஒன்றரை ஸ்டொப் கூட்டி எடுத்தால் முகம் வந்துவிடும் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). மருந்து எடுக்கும்போதே இருக்கிறது.

பிறகு கணினியில் இழுத்துக்கொள்ளலாமே என்பீர்கள். இழுக்கலாம், விலை உண்டு. கமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிற் 'ரோ' கோப்பில் ஒரு நிறத்துக்கு 16,384 படிகள். ஆனால் ஆக வெளிச்சமான ஒரு ஸ்டொப்பே அதில் பாதியை, 8,192ஐ, விழுங்கிவிடும். அடுத்ததுக்கு 4,096. இப்படிப் பாதி பாதியாகக் குறைந்து ஐந்தாவதுக்கு வரும்போது 512தான் மிச்சம். இருட்டுக்குள் விட்ட முகம் அந்த அடித்தட்டில் கிடக்கிறது. தூக்கினால் முகத்தோடு புழுதியும் எழும்பும். ஜேபெக்கில் எடுத்திருந்தால் இன்னும் மோசம், அதில் மொத்தமே 256.

தோலைத் திருத்தும்போது எனக்கு உதவிய ஒரு விஷயம் வீடியோக்காரர்களிடமிருந்து வந்தது. அவர்களிடம் நிறத்தை ஒரு வட்டத்தில் புள்ளிகளாகக் காட்டும் கருவி இருக்கிறது. அதில் வெள்ளைக்காரர், சீனர், நாம், ஆபிரிக்கர் எல்லாருடைய தோலும் ஏறத்தாழ ஒரே கோட்டை ஒட்டித்தான் விழும். சாயல் கிட்டத்தட்ட ஒன்று. வேறுபடுவது பெரும்பாலும் வெளிச்சமும் செறிவும். ஆகவே முகத்தில் சொட்டுக்குழாயை வைத்தால் சிவப்பு கூட, பச்சை அதற்குக் கீழ், நீலம் ஆகக் கீழ் என்ற ஒழுங்கு இருக்கவேண்டும். 150, 105, 80 மாதிரி. பச்சை சிவப்பை எட்டிப்பிடித்தால் செங்கமாரி. நீலம் பச்சையைத் தாண்டினால் விறைத்த முகம். வெளுக்க வைக்காமலே முகத்தைத் தெளிவாக்கலாம்: அந்த ஒழுங்கைக் குலைக்காமல், கன்னத்தின் வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் உள்ள தூரத்தைக் கொஞ்சம் கூட்டினால் போதும். கறுத்த தோலில் வெளிச்சம் பளிச்சென்று விழும் இடங்களில்தான் முகத்தின் வடிவமே இருக்கிறது. அதைத்தான் அந்த 'ரெண்டு படி' அழித்துக்கொண்டிருந்தது.

இனிக் கொன்ட்ராஸ்ட், அதாவது படத்தின் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள இடைவெளி. இதைப் பலர் உப்பு மாதிரி நினைக்கிறார்கள், எல்லாவற்றுக்கும் ஒரு கரண்டி.

ஹிஸ்டோகிராம் என்ற அந்தச் சின்ன மலைப்படத்தைப் பார்த்திருப்பீர்கள். இடது ஓரம் முழுக் கறுப்பு, 0. வலது ஓரம் முழு வெள்ளை, 255. நடுவில் எந்த வெளிச்சத்தில் எத்தனை புள்ளிகள் என்பது மலையின் உயரம். மங்கிய படத்தில் மலை நடுவில் ஒடுங்கிக் கிடக்கும். லெவல்ஸில் இரண்டு முனைகளையும் மலையின் அடிவாரத்துக்கு இழுத்துவிட்டால் படம் முகம் கழுவியது மாதிரி எழும்பும். புதிதாகப் பழகுகிறவர்கள் இந்த மாயத்தில் மயங்கி எல்லாப் படத்துக்கும் செய்வார்கள். நானும் செய்தேன். தை மாத விடியலில் வாவிக்கரையில் எடுத்த ஒரு தோணி. பனிமூட்டம். மலை 60க்கும் 200க்கும் இடையில். இழுத்தேன். தோணி கரிக்கட்டையானது, பனி காணாமல் போனது, நடுப்பகலில் எடுத்த படம் மாதிரி இருந்தது. பனிக்குள் கறுப்பு என்று ஒன்று இருக்கவே இல்லை. நான்தான் கொண்டுபோய் வைத்தேன். போதாக்குறைக்கு, 141 படியை 256 ஆக நீட்டியதில் மலை சீப்புப் பல்லாகி, வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தது. சாம்பிராணிப் புகையும் அப்படித்தான், இழுத்தால் கோயிலை விட்டே போய்விடும்.

கேர்வ்ஸ் இதைவிட நிதானமான ஆள். முனைகளைத் தொடாமல், நிழலைக் கொஞ்சம் கீழே அழுத்தி, வெளிச்சத்தைக் கொஞ்சம் மேலே தூக்கி, நெளிந்த பாம்பு மாதிரி ஒரு கோடு. இதிலும் ஒரு வலை இருக்கிறது. மூன்று நிறங்களுக்கும் ஒன்றாக அந்தக் கோட்டை வளைத்தால் கொன்ட்ராஸ்டோடு நிறச்செறிவும் கூடும். சிவப்பு மேலே ஏற, நீலம் கீழே இறங்க, மாநிற முகம் செங்கல்லாகும். ஜிம்ப், போட்டோஷொப் எதிலும் அந்தக் கேர்வைப் படத்தின் மேல் விரிக்கும் ஒரு தனி அடுக்கில், அதாவது லேயரில், வைத்து, வெளிச்சத்துக்கு மட்டும் வேலைசெய்யும்படி லேயரின் முறையை மாற்றிவிடலாம். நிறம் இருந்த இடத்திலேயே இருக்கும். இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ள எனக்கு ஸ்டூடியோவை விட்டு வரவேண்டியிருந்தது.

திருத்தக் கூடாதவையும் உண்டு. பாண்டிருப்புத் தீப்பள்ளயத்தில் தீக்குழிக்குப் பக்கத்தில் நிற்கும் முகங்களை வெள்ளை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் நெருப்பு அணைந்துவிடும். திருத்த முடியாதவையும் உண்டு. ஆடி அமாவாசைக் காலத்தில் மாமாங்கத்தடியில் நீல எல்ஈடிச் சோடனைக்குக் கீழ் எடுத்த முகத்தில் சிவப்பும் பச்சையும் கிட்டத்தட்டப் பதிவாகியே இருக்காது. இல்லாததை எந்தக் கோலாலும் இழுக்க ஏலாது. அப்படிப்பட்ட படத்தை நான் கறுப்பு வெள்ளையாக்கிக் கொடுத்துவிடுவேன்.

இன்னொரு சங்கதி. ஒருவர் இரண்டு நாளாக ஒவ்வொரு இரவும் "இன்னும் மஞ்சளாத்தான் இரிக்கு" என்று செய்தி அனுப்பினார். நானும் நீலம் ஏற்றி ஏற்றிப் படத்தைக் கொலைசெய்தேன். கடைசியில் அவர் நேரில் வந்தபோதுதான் கண்டேன்: இரவானால் திரையை மஞ்சளாக்கும் கண் பாதுகாப்பு வசதியை அவர் போனில் போட்டிருந்தார்.

கடந்த சித்திரை வருடப்பிறப்புக்குக் கொக்கட்டிச்சோலையில் பெரியம்மா வீட்டுக்குப் போனபோது றங்குப்பெட்டியிலிருந்து ஓர் அல்பம் எடுத்துத் தந்தார். 1983ஆம் ஆண்டுக் கல்யாணம். எல்லாம் கறுப்பு வெள்ளை, எல்லாம் கண்ணாடி மாதிரி. நாலாஞ்சடங்கன்று எடுத்த ஒன்று மட்டும் கலர். அது முழுக்கச் செங்கல் நிறமாகியிருந்தது.

"வெளிச்சமே படாம வெச்சேன் மனே" என்றார் பெரியம்மா, தன் மேல் பிழை இல்லை என்பது மாதிரி. பிழை இல்லைதான். கலர் அச்சில் மூன்று சாயங்கள்: மஞ்சள், ஊதாச்சிவப்பு, பச்சைநீலம். அந்தக் காலத்துத் தாள்களில் பச்சைநீலச் சாயம் இருட்டிலும் தானாகவே சிதைந்து போகும். சூடும் ஈரமும் அதை விரைவாக்கும், எங்கள் ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை. சிவப்பு வெளிச்சத்தைத் தடுத்து வைப்பது அந்தச் சாயம்தான். அது போனால் படம் முழுக்கச் சிவப்பு.

ஸ்கான் பண்ணி மூன்று நிறத்தையும் தனித்தனியே பார்த்தேன். சிவப்பின் மலை மட்டும் வலது பக்கம் ஒதுங்கி நின்றது, 130க்குக் கீழே வெறுமை. அந்த ஒரு நிறத்துக்கு மட்டும் கறுப்பு முனையை 130க்கு இழுத்து, நடுவைச் சற்றே தாழ்த்தினேன். பெரியப்பாவின் தலைமயிர் கறுத்தது. வேட்டி வெளுத்தது. பின்னாலிருந்த வாழைமரம் பச்சையாகி, முற்றத்து மணல் மணலானது. பெரியம்மாவின் சேலை மட்டும் பிடிகொடுக்கவில்லை. அது எந்தச் சாயத்தில் அதிகம் இருந்ததோ அந்தச் சாயமே போய்விட்டது. சாம்பலும் பச்சையுமாக ஏதோ ஒன்று.

"என்ன நிறம் பெரியம்மா?"

"மயில் கழுத்து. நல்ல நீலம்."

உள்ளேயிருந்து பெரியப்பா, "பச்சை!" என்றார்.

பெரியம்மா எழுந்து போய் அலுமாரியின் அடித்தட்டிலிருந்து அந்தச் சேலையின் ஒரு துண்டைக் கொண்டுவந்தார். மூன்று பிள்ளைகளுக்கும் ஏணை கட்டிய சேலை. வெயிலிலும் தண்ணியிலும் வெளுத்து அதுவும் சாம்பலாகத்தான் இருந்தது. எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அவர் ஒரு பிளேட்டை எடுத்து ஓரத்து மடிப்பின் தையலைப் பிரித்தார். உள்ளே, ஒரு விரல் அகலத்துக்கு, யாரும் பார்க்காத நிறம் அப்படியே இருந்தது.

"ரியூப்லைட்டில பாக்காத. விறாந்தைக்குக் கொண்டு போ மனே."

விறாந்தையில் மடிக்கணினிக்குப் பக்கத்தில் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் சேலையை மட்டும் தெரிந்தெடுத்துக் கோலை நகர்த்திக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் நீலம், இன்னும் கொஞ்சம். கிட்டத்தட்டப் பொருந்தி வந்த நேரம் அவருக்குக் கை வலித்துத் துணியை மற்றப் பக்கம் சாய்த்துப் பிடித்தார். பாவும் ஊடும் வேறு வேறு நிறத்தில் நெய்த பட்டு. சட்டென்று பச்சையாகிவிட்டது.

"பாத்தியா?" என்றார் பெரியப்பா, எப்போது வந்து நின்றாரோ தெரியாது.

இரண்டு பிரதி அச்சடித்துக் கொடுத்தேன். நீலம் வீட்டுக் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. பச்சையைப் பெரியப்பா எங்கோ வைத்திருக்கிறார்.